படிக வானொலியைப் பளிங்கு வானொலி ஆக்காதீர்கள்

சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எட்டாவது படிக்கும் பையன் ஒருவன், தோட்டத்தில் மிச்சம் கிடந்த 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் 26 கேஜ் எனாமல் கம்பியை 65 சுற்றுச் சுற்றி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டன்சரும் (நிலையம் பிடிக்கத் திருப்புகிற பாகம்), மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஒரு ஜெர்மானியம் டையோடும் வைத்து ரேடியோ செய்திருந்தான். பேட்டரி கிடையாது. ஏரியல் கம்பி வேப்பமரத்துக்குப் போனது, எர்த் கம்பி அடிபம்புக் குழாயில். இயர்போனைக் காதில் வைத்தால் கோவை நிலையம், 999 கிலோ ஹெர்ட்ஸ், மெலிசாக ஆனால் தெளிவாகக் கேட்டது.

முன்னால் ஒரு அட்டை. அதில் அழகான கையெழுத்தில் ‘பளிங்கு வானொலி’. பக்கத்து மேசைப் பையன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஏண்டா, இதுல மார்பிள் எங்கடா இருக்குது?” செய்தவனுக்குப் பதில் தெரியவில்லை. அவன் தப்பில்லை அது. இந்தப் பெயரை நான் பார்ப்பது இது நாலாவது தடவை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் கதை சின்னதுதான். இந்த ரேடியோவுக்கு ஆங்கிலத்தில் கிரிஸ்டல் ரேடியோ என்று பெயர். கிரிஸ்டல் என்பது கிரேக்கத்தில் பனிக்கட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தெளிந்த குவார்ட்ஸ் கல்லை உறைந்துபோன பனி என்றே கிரேக்கர்கள் நினைத்தார்கள். பிற்பாடு அறிவியல், அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கி நிற்கும் எந்தத் திடப்பொருளுக்கும் அந்தப் பெயரை வைத்தது. உப்பு, கற்கண்டு, மயில்துத்தம் எல்லாம் அதில் அடக்கம். ரேடியோவுக்குள் வந்த கிரிஸ்டல் கலீனா, அதாவது ஈய சல்பைடு. அதை அலையுணரும் கருவியாக வைத்து ஜகதீச சந்திர போஸ் 1901-இல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1904-இல் கிடைத்தது. அந்தக் கல்லின் மேல் மெல்லிய கம்பி ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும், பூனை மீசை என்று பெயர். தொடும் இடத்தில் மின்சாரம் ஒரு பக்கமாகத்தான் எளிதில் பாயும். வானொலி அலை முன்னும் பின்னும் சரிசமமாக ஆடுவதால் நேராக இயர்போனுக்குக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது. ஒரு பாதியை வெட்டிவிட்டால் மிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான் நமக்குக் கேட்கும் பேச்சும் பாட்டும். இன்றைக்குக் கல்லுக்குப் பதில் டையோடு வந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, தமிழில் கிரிஸ்டலுக்குப் பாடப்புத்தகம் பல காலமாகவே ‘படிகம்’ என்கிறது. படிகமாக்கல், படிக அமைப்பு, படிக நீர் என்று குடும்பமே இருக்கிறது. அப்புறம் எதற்குப் பளிங்கு? அப்படி எழுதுகிறவர்கள் சொல்லும் காரணம் இது: படிகம் வடசொல்லாம், ஸ்படிகம் திரிந்து வந்ததாம், பளிங்குதான் தூய தமிழாம், திருக்குறளிலேயே இருக்கிறதாம்.

குறளில் இருப்பது உண்மை. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று 706-ஆம் குறள். பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறத்தைத் தன்னுள்ளே காட்டுவது பளிங்கு, நெஞ்சில் மிகுந்ததை அப்படிக் காட்டுவது முகம். இந்த உவமையின் உயிரே ஒளி ஊடுருவுவதில்தான் இருக்கிறது. கலீனாவைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஈயச் சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு, உடைத்தால் குட்டிக் குட்டிக் கனசதுரமாக உடையும், அந்தப் பக்கம் ஒரு துளி வெளிச்சம் தெரியாது. வள்ளுவர் சொன்ன பளிங்குக்கு நேர் எதிர்ச் சரக்கு.

மணிமேகலைக் காப்பியத்தைப் பாருங்கள். உவவனம் என்ற சோலையில் ஒரு பளிக்கறை மண்டபம், அதாவது பளிங்கு அறை. உள்ளே இருப்பவர் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே வராது. மணிமேகலை அதற்குள்தான் போய் நிற்கிறாள். நம் ரேடியோவிலோ உள்ளே ஒன்றும் தெரியாது, குரல் மட்டும் வரும். பழைய இலக்கியத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அது என்ன சொல்கிறது என்றும் கேட்க வேண்டும்.

பளிங்கு என்று நிஜமாகவே சொல்லத் தகுந்தது நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே அகழாய்வில் குவார்ட்ஸ் மணிகள், முடிந்ததும் முடியாததுமாகக் கிடைத்திருக்கின்றன. அந்த மணியைப் பளிங்கு என்றால் நானும் கைதட்டுவேன். ஆனால் இன்றைக்குப் பளிங்கு என்றால் வீட்டுத் தரையில் போடும் சலவைக்கல்தான் எல்லோர் மனசிலும் வருகிறது. பழைய பொருளுக்கு இழுத்தாலும் பொருந்தவில்லை, புதுப் பொருளுக்கு இழுத்தாலும் பொருந்தவில்லை.

தூய்மை வாதமாவது நிற்குமா? பாலி மொழியில் ஸ்படிகத்துக்கு ‘பலிக’ என்று பெயர். பளிங்கை அதோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், பளபள, பளிச் என்பதோடு சேர்த்துத் தமிழ் வேர் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். தீராத வழக்கு அது. அதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படிகத்தை வண்டியிலிருந்து இறக்கிவிடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. படிகம் எப்போதோ நம் வாயில் கரைந்துவிட்ட சொல். சலூனில் முகம் மழித்ததும் தேய்க்கிற படிகாரத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

இது ஒரு சொல்லோடு முடிகிற நோய் இல்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் பெருகிவிட்டது. ‘வானொலிப் பெறுநர்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். பெறுநர் என்பது கடிதத்தில் அனுப்புநருக்குக் கீழே எழுதுகிற ஆள் ஐயா! கருவியைச் சொல்ல வானொலிப் பெட்டி போதும், நுட்பமாகச் சொல்ல வேண்டுமென்றால் வானொலி ஏற்பி. கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் கடைக்காரர்கள் ‘காயில் கட்டறது’ என்கிறார்கள். காயில் ஆங்கிலம்தான், ஆனால் கட்டு என்ற வினையைப் பாருங்கள், மாலை கட்டு, பாத்தி கட்டு, வரப்புக் கட்டு என்ற வரிசையில் எவ்வளவு லேசாக உட்கார்கிறது. கையால் வேலை செய்கிறவனுக்குச் சொல் தானாக அமைகிறது. மொழிபெயர்க்க உட்காருகிறவர் ஒரு தடவையாவது அந்தக் கம்பியைச் சுற்றிப் பார்த்திருந்தால் பாதித் தப்பு வந்திருக்காது.

அந்தப் பையனிடம் கலீனா என்றால் என்ன என்று சொல்லி, கைப்பேசியில் படமும் காட்டினேன். அட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் ‘படிக வானொலி’ என்று எழுதினான். கீழே சின்ன எழுத்தில், ‘முன்பு ஈயக் கல், இப்போது டையோடு’ என்று அவனே சேர்த்துக்கொண்டான். எழுதி முடித்ததும் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு இயர்போனை அவன் காதில் வைத்தான்.