ட்ரூப்: தொய்வா, துவளலா?

தண்ணீர் காணாத செடி, தூக்கம் சொக்கும் கண்ணிமை, தோற்ற அணியின் உற்சாகம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ட்ரூப்' (droop) என்ற ஒரே வினை போதும். நம் அகராதிகள் 'தொங்கு, வாடு, சோர்' என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. எதை எங்கே போடுவது என்பது நம் பாடு.

ஸ்காண்டிநேவியாவில் வழங்கிய பழைய நோர்ஸ் மொழியின் 'ட்ரூப்பா' என்ற சொல்லிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது. தலையைத் தொங்கப்போடுவது என்று பொருள். துளியைக் குறிக்கும் 'ட்ராப்' இதற்கு உறவுக்காரச் சொல். ஒரு முனை பிடிப்போடு இருக்க, மறுமுனை கீழே இறங்குவதுதான் ட்ரூப்.

இரண்டு முனையும் கட்டியிருக்க நடுப்பகுதி இறங்கினால் அதற்கு 'ஸேக்' (sag) என்று வேறு சொல் இருக்கிறது. வெயிலில் நீண்டு தாழும் மின்கம்பி, நாள்பட்ட கயிற்றுக்கட்டில் இதெல்லாம் ஸேக். கட்டில் நடுவில் குழி விழுந்தால் 'தொஞ்சு போச்சு' என்று சொல்லி, கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். தொய்வு என்பது அந்த இடத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. ட்ரூப்புக்கும் அதையே போடுவது பிழையில்லை, ஆனால் கொஞ்சம் சோம்பல். இன்னொன்று, இலங்கைத் தமிழில் தொய்வு என்றால் ஆஸ்துமா.

செடி விஷயத்தில் தமிழ் நுணுக்கமானது. உச்சி வெயிலில் கத்தரி இலைகள் காம்போடு மடங்கித் தொங்கும். செல்களில் நீரழுத்தம் குறைவதுதான் காரணம். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். இது துவளல், ட்ரூப்புக்கு மிக நெருங்கிய சொல் இதுதான். நிமிராமலே போனால் வாடல். வாழையைத் தாக்கும் பனாமா வாடல் நோய்க்கு ஆங்கிலத்திலும் ட்ரூப் வராது, 'வில்ட்' என்பார்கள். மோந்தாலே அனிச்சம் 'குழையும்' என்கிறது குறள். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் சோற்றுப் பானையோடு நின்றுவிட்டது! முற்றிய நெற்கதிரோ துவளுவதில்லை, தலை சாய்கிறது. அங்கே ட்ரூப்பை மொழிபெயர்க்கிறேன் என்று வாட்டத்தைக் கொண்டுவந்தால் விவசாயி அடிக்க வருவார்.

உடம்புக்கு வந்தால், தூக்கத்தில் கண் சொருகும், தோள் தளரும், மனம் துவளும். மேல் இமை நோயால் இறங்கி நின்றால் மருத்துவத்தில் 'டோசிஸ்'. 'விழுதல்' என்ற கிரேக்கச் சொல் அது. தமிழில் இமை இறக்கம் என்றால் எல்லாருக்கும் புரியும். பக்கவாத அறிகுறிகளில் முதலில் சொல்லப்படும் 'ஃபேஸ் ட்ரூப்பிங்' என்பதை 'முகத் தொய்வு' என்று எழுதினால் தோல் சுருக்கம் போலத் தொனிக்கிறது. 'வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு' என்றால்தான் கேட்டவர் உடனே 108-ஐ அழைப்பார்.

மின் நிலையங்களிலும் ட்ரூப் உண்டு. மின்சுமை ஏற ஏற டர்பைனின் வேகம் இவ்வளவு குறையலாம் என்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'கவர்னர்' கருவியில் வைக்கும் அளவு அது. டர்பைன் வேகத்தோடு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் இறங்கும்; அது 50 ஹெர்ட்ஸாக உள்ள அமைப்பில் 5 சதவீத ட்ரூப் என்றால், சுமையே இல்லாத நிலைக்கும் முழுச் சுமைக்கும் இடையே 2.5 ஹெர்ட்ஸ் வித்தியாசம். இங்கே தொய்வும் வேண்டாம், துவளலும் வேண்டாம். 'வேகச் சரிவு' போதும்.