டிரிப்ஸில் ஏற்றும் கொழுப்பும் டிரைகிளிசரைடும்: முதலில் வேகத்தைப் பாருங்கள்

குடல் வேலை செய்யாத நோயாளிக்குச் சிரை வழியே ஏற்றும் கொழுப்புப் பால்மம் (நீரில் நுண்துளிகளாகக் கலந்த எண்ணெய்) பெரும்பாலும் சோயா எண்ணெய்தான். முட்டையிலிருந்து எடுக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள் அதன் துளிகளைப் பிரியாமல் வைத்திருக்கிறது. அந்தத் துளிகளை உடைப்பது ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள லிப்போபுரோட்டீன் லைபேஸ் நொதி. அது உடைப்பதைவிட வேகமாக ஏற்றினால் டிரைகிளிசரைடு எனும் அந்தக் கொழுப்பு ரத்தத்தில் தேங்கிவிடும்.

60 கிலோ எடையுள்ளவருக்கு 20 சதவீதப் பால்மம் 250 மி.லி. கொடுக்கிறோம் என்று வையுங்கள். அதில் 50 கிராம் கொழுப்பு, 500 கிலோகலோரி. 12 மணி நேரம் ஓடினால் மணிக்கு, கிலோவுக்கு 0.07 கிராம். ஷிப்ட் முடிவதற்குள் தீர்க்க வேண்டுமென்று 4 மணி நேரத்தில் ஓட்டினால் 0.21. பெரியவர்களுக்கு 0.11-ஐத் தாண்டாமல் வைப்பதே பாதுகாப்பு. பாட்டில் அதே பாட்டில்தான். பம்ப்பில் போடும் எண்தான் வேறு.

ஐசியூவில் பலர் கணக்கில் சேர்க்க மறப்பது புரோபோஃபால். மயக்கத்துக்குத் தரும் அந்த மருந்தே 10 சதவீதக் கொழுப்பில் கலந்துதான் வருகிறது. மணிக்கு 15 மி.லி. ஓடினால் ஒரு நாளில் 36 கிராம் கொழுப்பு. மேலே சொன்ன 50 கிராமோடு சேர்த்தால் 86. அதாவது கிலோவுக்கு 1.4 கிராம். தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் செப்சிஸில் நொதியின் வேலையும் மந்தமாகும் என்பதால் இந்த அளவே அதிகமாகிவிடலாம். குளுக்கோஸ் மிஞ்சினாலும் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கும். ஆகவே பழியைப் பால்மத்தின் மேல் மட்டும் போடாதீர்கள்.

10 சதவீதப் பால்மத்தில் எண்ணெய்க்கு உள்ள விகிதத்தில் பாஸ்போலிப்பிட் இரு மடங்கு. மிஞ்சும் பாஸ்போலிப்பிட் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொண்டு லிப்போபுரோட்டீன் எக்ஸ் என்ற இயல்புக்கு மாறான துகளாகிறது, கொலஸ்ட்ரால் அளவு கூடுகிறது. 20 சதவீதத்தைத் தேர்வது இதனால்தான்.

ரத்தம் எடுப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பால்மம் ஓடும் லைனிலிருந்தே மாதிரி எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அடுத்த கையில் எடுங்கள். பால்மம் ஓடிக்கொண்டிருந்ததா, நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆனது என்பதைச் சீட்டில் எழுதுங்கள். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) பால் நிறமாக இருந்தால் சோடியம் பொய்யாகக் குறைந்தும், ஹீமோகுளோபின் பொய்யாகக் கூடியும் காட்டக்கூடும். அதை நம்பிச் சோடியம் ஏற்றுவது ஆபத்து.

டிரைகிளிசரைடு 400 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், புரோபோஃபாலையும் குளுக்கோஸையும் திரும்பக் கணக்கிடுங்கள். 1000-ஐத் தாண்டினால் கணைய அழற்சி அபாயம். பால்மத்தை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தியதை மறந்துவிடக் கூடாது: கொழுப்பே இல்லாமல் இரண்டு மூன்று வாரம் போனால் அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் (உடலால் தானே செய்துகொள்ள முடியாதவை) குறைபாடு தலைகாட்டும். அளவு இறங்கியதும் வாரம் இரு முறை 20 சதவீத சோயாப் பால்மம் 250 மி.லி., மெதுவாக ஏற்றினாலே அதைத் தடுக்கலாம்.