60 வயதுக்குள் உடல் முடங்கினால்: சொக்சோ இயலாமை ஓய்வூதியம்

சொக்சோ எனப்படும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் என்றாலே வேலையிடத்து விபத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு என்றுதான் பிறை, பட்டர்வொர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம்மவர்களில் பலர் எண்ணுகின்றனர். ஆனால், விபத்துக் காப்புக்கான சந்தா முழுவதையும் முதலாளியே கட்டுகிறார்; நம் சம்பளத்தில் பிடிக்கப்படும் 0.5 விழுக்காடும், அதற்கு ஈடாக முதலாளி செலுத்தும் 0.5 விழுக்காடும் இயலாமைத் திட்டத்துக்கே போகின்றன. வேலைக்குத் தொடர்பே இல்லாத நோயானாலும், பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ எதுவானாலும், இத்திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

நோய் நிரந்தரமானதாக, குணமாகும் வாய்ப்பு இல்லாததாக இருக்க வேண்டும். அதனால், நல்ல உடல்நிலையில் உள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிலை ஏற்பட்டிருக்க வேண்டும். இதை முடிவு செய்வது சொக்சோவின் மருத்துவ வாரியம். நிபுணர் எழுதிய மருத்துவ அறிக்கை தெளிவாக இல்லையென்றால் எவ்வளவு கடுமையான நோயும் தாளில் சாதாரணமாகத் தெரியும் என்பதால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் நீங்கள் பார்த்துவந்த வேலை எத்தகையது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

மூத்த தொழிலாளர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் காலக்கணக்கில்தான். விண்ணப்பம் சொக்சோவுக்குக் கிடைக்கும் நாளில் உங்களுக்கு 60 வயது நிறைந்திருக்கக் கூடாது. நிறைந்துவிட்டால், நோய் 60 வயதுக்கு முன்பே இருந்தது என்பதையும், அதன்பின் நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்பதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். சந்தாக் கணக்கும் அந்த நாளிலிருந்தே பின்னோக்கிப் பார்க்கப்படுகிறது: அதற்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி உண்டு. உடம்பு முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டு, வைத்தியம் பார்த்து முடியட்டும் என்று 16 மாதங்களுக்கு மேல் காத்திருப்பவருக்கு இந்த 24 மாதக் கணக்கு இடிக்கும். சந்தா கட்டத் தொடங்கியதிலிருந்து விண்ணப்பிக்கும் வரையிலான காலம் முழுவதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குக் கட்டியிருந்தால் முழுத் தகுதி அப்போதும் நிலைக்கும். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குறைந்த விகித ஓய்வூதியம் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் மொத்தம் 24 மாதச் சந்தாவாவது வேண்டும். எதுவும் பொருந்தாமல், 12 மாதங்களாவது கட்டியிருந்தால், இயலாமைத் திட்டத்துக்குச் சென்ற சந்தாவை வட்டியுடன் ஒரே தொகையாகத் தருவார்கள்.

முழுத் தகுதி உள்ளவருக்குச் சராசரி மாதச் சம்பளத்தில் 50 விழுக்காடும், முதல் 24 மாதங்களுக்குப் பிறகான ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் 1 விழுக்காடும் சேர்த்து, அதிகபட்சம் 65 விழுக்காடு வரை வழங்கப்படும். சராசரிச் சம்பளம் 2,400 வெள்ளி, சந்தா 120 மாதம் என்றால் 58 விழுக்காடு, அதாவது மாதம் 1,392 வெள்ளி. ஓய்வூதியம் பெறுபவர் இறந்துவிட்டால், அவரைச் சார்ந்திருந்த குடும்பத்தினர் வாரிசு ஓய்வூதியம் கேட்கலாம்.

சமூக நலத்துறை வழங்கும் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தாலே இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று சிலர் இருந்துவிடுகின்றனர். அது வேறு துறை, வேறு பதிவு. சொக்சோவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ வாரியம் மறுத்துவிட்டால், 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்கு எழுதலாம். அப்போது பழைய அறிக்கையையே நகலெடுத்து அனுப்பாமல், புதிய பரிசோதனை முடிவுகளுடன் நிபுணரின் புதிய அறிக்கையை இணைப்பது நல்லது.