வடிகால் அடைபட்ட கை

"மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கரண்டும் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வலது கை வீங்குகிறது. உப்பைக் குறைத்தேன், நீர் மாத்திரையும் போட்டேன், வடியவில்லை. நோய் திரும்பிவிட்டதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இல்லை. ஆனால் புதிய வீக்கம் என்றால் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்தாக வேண்டும். இது நிணநீர் வீக்கமாக இருக்கும்.

ரத்தத் தந்துகிகளிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் கசியும், நிணநீர்க் குழாய்கள் அதை ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். கைக்கான குழாய்கள் அக்குள் நெறிகள் வழியாகப் போகின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே வகை நெறி. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க அவற்றை எடுக்கிறார்கள். கதிர்வீச்சு, அதாவது வாசகி சொல்லும் 'கரண்டு', அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடுகிறது. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது.

இந்தக் குழாய்களின் தொடக்க முனையைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதன் சுவர்ச் செல்கள் ஓட்டுக்கூரை போல விளிம்பின்மேல் விளிம்பாகப் படிந்திருக்கும். விளிம்பு முழுக்க ஒட்டியிருக்காது. சட்டைப் பொத்தான் மாதிரி அங்கங்கேதான் ஒட்டு, இடையில் இருக்கும் மடல் ஆடும். அந்தச் செல்களை மெல்லிய இழைகள் சுற்றியுள்ள நார்களோடு கட்டி வைத்திருக்கும். நீர் கோத்துத் திசு உப்பினால் சாதாரணக் குழாய் நசுங்கத்தானே வேண்டும்? இங்கே நேர்மாறாக நடக்கிறது. திசு உப்ப உப்ப நார்கள் விலகி இழைகளை இழுக்கின்றன, மடல் திறக்கிறது, நீர் உள்ளே போகிறது. உள்ளே நிறைந்ததும் அந்த அழுத்தமே மடலைச் சாத்திவிடுகிறது. வயலில் வெள்ளம் ஏறினால் ஆள் இல்லாமலே திறந்துகொள்ளும் மதகு இது!

மதகு நன்றாக இருந்தும் வடிகால் அடைபட்டிருப்பதுதான் வாசகியின் கையில் உள்ள சிக்கல். நீர் மாத்திரை நீரை மட்டும் வெளியேற்றும். புரதம் அங்கேயே நின்று மறுபடி நீரை இழுக்கும். நாளாக ஆக நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்படும்.

இதற்கான பிசியோதெரபியில் தோலை மெல்ல நகர்த்தி விடுவார்கள். தோல் இழுபட்டால் அந்த இழைகளும் இழுபடும். அதனால்தான் சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்கிறேன். எண்ணெயில் கை வழுக்கும், தோல் நகராது. பத்து போட்டு, திருஷ்டி கழித்து மாதங்களைக் கடத்துவதைப் பார்க்கும்போது கோபமே வருகிறது, ஏனென்றால் தொடக்கத்தில் இந்த வீக்கம் வடியக்கூடியது.

அப்புறம் அழுத்தக் கட்டு. அதிகம் நீளாத துணிதான் வேண்டும். தசை சுருங்கிப் புடைக்கும்போது துணி விட்டுக்கொடுக்காததால் நீர் மேல்நோக்கித் தள்ளப்படும். வீக்கம் குறைந்ததும் அளவெடுத்த அழுத்த உறை. அது நாளடைவில் தளர்ந்துவிடும், மாற்றியாக வேண்டும். ஆபரேஷனுக்குக் கிடைக்கும் காப்பீடு இந்த உறைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

"கனம் தூக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, கை வீக்கமுள்ள 141 பெண்களை வைத்துச் சோதித்தது. உறை அணிந்து, படிப்படியாக எடை தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் வீக்கம் முற்றியது, தூக்காதவர்களில் 29 சதவீதம்.

சரி, வாசகி இன்றே செய்ய வேண்டியவை: அந்தக் கையில் ஊசி போடலாமா, ரத்த அழுத்தப் பட்டை கட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலைச் சுத்தமாக, வறளாமல் வையுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று. மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.