ஸ்டார்ம் சர்ஜ்: தமிழில் என்ன சொல்வது?

2013 நவம்பர் 8 அதிகாலையில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. அந்த நாட்டுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் யோலாண்டா. முந்தின நாளே அரசு வானிலை அமைப்பான பகாசா எச்சரித்துவிட்டது: 7 மீட்டர் வரை ‘ஸ்டார்ம் சர்ஜ்’ வரலாம். டக்லோபான் நகரத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இதைக் கேட்டவர்கள் ஏராளம். ஆனால் அது என்னவென்று பலருக்கும் தெரியவில்லை. பலத்த காற்று என்றே நினைத்தார்கள். காற்றுக்குத் தாங்கும் என்று நம்பித் தஞ்சம் புகுந்த கட்டடங்களின் கீழ்த்தளத்திலேயே சிலர் மூழ்கிப்போனார்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படி 6,300 பேர்.

‘சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே’ என்பதுதான் பிழைத்தவர்கள் பலரும் பிறகு சொன்னது.

‘சர்ஜ்’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘சுர்கெரே’. எழு, மேலே கிளம்பு என்று பொருள். புயல் நேரத்தில் கடல் மட்டமே உயர்ந்து கரைக்குள் புகுவதுதான் ஸ்டார்ம் சர்ஜ். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் கொஞ்சம் உப்பும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் சுமார் 1 செ.மீ. உயரும். ஆனால் பெரும்பங்கு காற்றுடையது. அது தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கரையோரக் கடல் ஆழமில்லாமல், புனல் போலக் குறுகியிருந்தால் தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. சமார், லெய்டே தீவுகளுக்கு இடையே வளைகுடா குறுகும் மூலையில் இருக்கிறது டக்லோபான். ஹையானின்போது அங்கே 5, 6 மீட்டர் தண்ணீர் ஏறியது. கப்பல்கள் குடியிருப்புக்குள் வந்து நின்றன.

இது அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1897 அக்டோபரில் இதே தீவுகளை ஒரு புயல் இப்படித்தான் கடலோடு சேர்த்து அடித்தது. மணிலா ஆய்வகத்தின் ஏசுசபைத் துறவி ஹோசே அல்குவே அதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இதை மழைவெள்ளத்தோடும் சேர்க்கக் கூடாது. பிலிப்பைன்ஸில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ‘ஹபகாட்’ என்று பெயர். எங்கோ தள்ளிப்போகும் புயல்கூட அதை இழுத்துவிட்டு நாள்கணக்கில் மழை கொட்டவைக்கும். 2012 ஆகஸ்டில் மணிலா அப்படித்தான் மூழ்கியது. அது வானத்துத் தண்ணீர். நாம் பேசுவது கடல் தண்ணீர்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘புயல் எழுச்சி’ என்று எழுதுகிறார்கள். அகராதிப்படி குறையே சொல்ல முடியாது: ஸ்டார்ம் என்றால் புயல், சர்ஜ் என்றால் எழுச்சி. ஆனால் அதில் கடல் எங்கே? புயல் எழுகிறது என்றுதான் காதில் விழும், டக்லோபானில் விழுந்ததைப் போலவே. ‘கடல் சீற்றம்’ என்றால் அலை கொஞ்சம் பெரிதாக அடிக்கும், மீன்பிடிக்கப் போக வேண்டாம், அவ்வளவுதான். ‘ஆழிப்பேரலை’ சுனாமிக்குப் போய்விட்டது. அதை இங்கே கடன் வாங்குவதும் ஆபத்து. சுனாமி பெரும்பாலும் நிலநடுக்கத்தால் வருவது. நடுக்கத்தை உணர்ந்ததும் மேட்டுக்கு ஓடலாம். ஹையான் போன்ற புயலில் தண்ணீர் வரும்போது வெளியே மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் காற்று வீசிக்கொண்டிருக்கும். அப்போது ஓட முடியாது, முந்தின நாளே கிளம்பியிருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் இப்போது ‘டலூயோங்’ என்ற சொந்தச் சொல் புழங்குகிறது. பெரிய அலை என்று பொருள் தரும் பழைய சொல். நம்மிடமும் ‘ஓதம்’ இருக்கிறது. கடல் பொங்கி ஏறுவதற்குப் பழைய இலக்கியத்திலிருந்தே வரும் பெயர் அது. சுவரில் ஏறும் ஈரத்துக்கும் அதே பெயர்தான் என்பது ஒரு சங்கடம், இருந்தாலும் அங்கேயும் தண்ணீர் ஏறத்தானே செய்கிறது! பாடநூலுக்கும் கட்டுரைக்கும் ‘புயலோதம்’ என்பதே என் தேர்வு.

எச்சரிக்கை அறிவிப்புக்கு அதுவும் வேண்டாம். ‘இரண்டு மாடி உயரத்துக்குக் கடல் ஊருக்குள் வரும், இன்றைக்கே மேட்டுக்குப் போய்விடுங்கள்’ என்று சொன்னால் போதும்.