மணி அடித்தும் அம்மா ஏன் விலகவில்லை?

சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு 76 வயது. சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு நடைபாதையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாராம். பின்னால் ஒரு சைக்கிள். ஓட்டி வந்தவர் மெதுவாகத்தான் வந்தார், மணியும் அடித்தார், சைக்கிள் அம்மா மேல் படவே இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. “மோதாத சைக்கிள் எப்படி ஓர் ஆளைக் கீழே தள்ளும்? மணி அடித்தும் அம்மா ஏன் விலகவில்லை?” என்று கேட்கிறார்.

இரண்டு கேள்விக்கும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. காதுக்குள்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றமில்லை. 2010-ல் தெம்பனிஸ் வட்டாரத்தில் மட்டும் அனுமதித்தார்கள். 2018-ல் நடப்புக்கு வந்த சட்டம் நாடு முழுவதும் அனுமதித்தது. வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர். 2019 பிப்ரவரியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையிலிருந்து அடியோடு விலக்கினார்கள். சைக்கிள்களுக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஜூலையிலிருந்து, சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருக்கும் இடங்களில், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

வேக வரம்பு மோதலை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அதில் பௌதிகம் இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டரில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,900 ஜூல். 10 கிலோமீட்டரில் சுமார் 300 ஜூல்தான். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடும் என்று பள்ளியில் படித்தது இதுதான். வேகத்தைக் குறைத்தது நியாயமான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அம்மாவின் பக்கம் கணக்குப் போடுங்கள். 55 கிலோ எடை, சுமார் ஐந்தடி உயரம். நிற்கும்போது அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டர் உயரத்தில், இடுப்பை ஒட்டி இருக்கும். அங்கிருந்து தரைக்கு வரும்போது வெளிப்படும் ஆற்றல் 350 ஜூலைத் தாண்டும். அதாவது சட்டப்படி மெதுவாக வரும் சைக்கிளிடம் இருப்பதைவிட, நின்ற நிலையிலிருந்து விழுகிற ஒரு பாட்டியின் உடம்பில் அதிக ஆற்றல் இருக்கிறது. எலும்பு தேய்ந்த தொடை எலும்புக் கழுத்து முறிய அதில் ஒரு பகுதி போதும். எலும்பை முறித்த ஆற்றலைச் சைக்கிள் தரவில்லை. அவருடைய உயரமே தந்தது. சைக்கிள் செய்தது அவரை நிலைகுலைய வைத்தது மட்டும்.

எப்படி நிலைகுலைந்தார்? மணியிலிருந்து தொடங்குவோம்.

உட்செவியில் காக்ளியா என்ற நத்தைச் சுருள் இருக்கிறது. அதன் நீளம் முழுக்க மெல்லிய சவ்வு ஒன்று ஓடுகிறது. ஒலி உள்ளே வந்ததும் அந்தச் சவ்வில் ஓர் அலை நகர்ந்து, ஒவ்வொரு அதிர்வெண்ணும் தனக்கான இடத்தில் உச்சம் கொள்கிறது. கீச்சென்ற ஒலிகள் நுழைவாயில் பக்கமே அடங்கிவிடும். தாழ்ந்த ஒலிகள் சுருளின் உச்சி வரை போகும். இறந்தவர்களின் காதுகளைத் திறந்து, நுண்ணோக்கியில் இந்த அலையைக் கண்ணால் பார்த்தவர் கேயார்க் ஃபான் பெகேஷி. 1961-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அலையை நரம்புச் செய்தியாக மாற்றுபவை மயிர்ச் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கிடைத்ததுதான் கணக்கு, செத்தது திரும்ப முளைக்காது. (கோழிக்கு முளைக்கும். 1980-களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதக் காதிலும் அதைச் செய்துவிட முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.) வயதாகும்போது நுழைவாயில் பக்கத்துச் செல்கள்தான் முதலில் போகின்றன. அதனால் கீச்சொலிகள் முதலில் மறைகின்றன. சைக்கிள் மணியின் ‘டிங்’ ஒலியில் பெரும்பகுதி சில ஆயிரம் ஹெர்ட்ஸில், அதாவது முதிய காது இழந்துகொண்டிருக்கிற அதே பகுதியில் இருக்கிறது. இருபது வயதுப் பையனின் காதுக்குக் கூர்மையாகக் கேட்கிற மணி, அம்மாவுக்கு எங்கோ மங்கலாகக் கேட்கும்.

சரி, கேட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கிருந்து கேட்டது?

ஒலி வலப்பக்கமிருந்து வந்தால் வலது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரம் முன்னதாக வந்து சேரும். மூளை இந்தச் சின்ன இடைவெளியை அளந்து பக்கத்தைச் சொல்லிவிடுகிறது. லட்சத்தில் ஒரு பங்கு வினாடி வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறியும் இந்தக் கருவியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் நேர் பின்னாலிருந்து வரும் ஒலிக்கும் நேர் முன்னாலிருந்து வரும் ஒலிக்கும் இந்த இடைவெளி ஒன்றேதான், பூஜ்யம். முன்னாலா பின்னாலா என்பதைக் காது மடல்தான் தீர்த்துவைக்கிறது. மடலின் மேடு பள்ளங்களில் பட்டுத் தெறிக்கும்போது, ஒலி வந்த திசைக்கேற்ப சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். அந்தக் கூட்டல் குறைவைப் படித்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. இந்த வித்தை நடப்பது பெரும்பாலும் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். முதிய காதில் அந்தப் பகுதிதான் இல்லை.

ஆகவே அம்மாவுக்குத் தெரிவது இவ்வளவுதான்: ஏதோ வருகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகமாக என்பது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி திரும்பிப் பார்ப்பது.

இந்தத் திரும்புதலில்தான் எனக்கு மிகவும் பிடித்த பொறி வேலை செய்கிறது. காக்ளியாவை ஒட்டி, அதே எலும்புக்குள், மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. ஆமாம் என்று ஆட்டுவதற்கு ஒன்று, இல்லை என்று ஆட்டுவதற்கு ஒன்று என்கிற மாதிரி, தலை எந்தத் தளத்தில் திரும்பினாலும் அதை உணர ஒரு குழல் உண்டு. குழலுக்குள் திரவம். செம்பில் தண்ணீரை வைத்துச் சட்டென்று திருப்பினால் செம்பு திரும்பும், தண்ணீர் ஒரு கணம் பின்தங்கும் இல்லையா? அதேதான் இங்கேயும். தலை திரும்பும்போது குழல் கூடவே திரும்புகிறது, திரவம் பின்தங்குகிறது. பின்தங்கிய திரவம், குழலின் குறுக்கே நிற்கும் பாகு போன்ற ஒரு தடுப்பை வளைக்கிறது. அதில் புதைந்திருக்கும் மயிர்ச் செல்கள் சாய்ந்து, “தலை இந்தப் பக்கம், இந்த வேகத்தில்” என்று மூளைக்குச் சொல்கின்றன.

இந்தச் செய்தி கண்ணை அசைக்கும் தசைகளுக்குப் போக ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வினாடிதான் ஆகும். இப்போதே பார்க்கலாம். இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். எழுத்து கலையாது. அடுத்து தலையை அசைக்காமல், கையிலிருக்கும் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து முழுக்கக் கலைந்துபோகும். முதல் முறை எழுத்து நின்றதற்குக் காரணம், தலை திரும்பிய அதே அளவுக்குக் கண்கள் எதிர்ப்பக்கம் திரும்பியதுதான். வாழ்நாள் முழுக்க நடக்கும்போதும் ஓடும்போதும் உலகம் குலுங்காமல் நிற்பது இந்தச் சின்னக் குழல்களால்.

இந்தக் குழல்களிலும் மயிர்ச் செல்கள் வயதோடு குறைகின்றன. கூடவே கழுத்தும் இறுகிவிடுகிறது. இளையவர் கழுத்தை மட்டும் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்துவிடுவார்; முதியவர் பின்னால் பார்க்க உடம்பையே திருப்பியாக வேண்டும். நடந்துகொண்டே உடம்பைத் திருப்பினால் கால்கள் ஒன்றின் குறுக்கே ஒன்று வரும். ஒரு கையில் மீன் பை தொங்குகிறது. கண் ஒரு கணம் காட்சியை இழக்கிறது, உட்செவி அரைகுறையாகச் சொல்கிறது. மிச்சமிருக்கும் மூன்றாவது புலன் பாதம். தரையில் எடை எங்கே விழுகிறது என்று பாதம் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் மரத்திருக்கும். சிங்கப்பூர் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் சீனர்களைவிட அதிகம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சாயத் தொடங்கியதும் சுமார் பத்தில் ஒரு பங்கு வினாடியில் கணுக்கால், இடுப்புத் தசைகள் தாமாகவே இறுகும். அது போதாவிட்டால் சட்டென்று ஓரடி எடுத்து வைக்க வேண்டும். பக்கவாட்டில் சாயும்போது பக்கவாட்டில் ஓரடி. முதுமையில் வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் அதிகம் மெலிந்திருக்கும், அதனால் இந்த ஓரடி தாமதமாகவும் குட்டையாகவும் வருகிறது; சில சமயம் மற்ற காலிலேயே இடிக்கிறது.

கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபினோவிச் குழுவினர் இதை நேரில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முதியோர் இல்லங்களில் கேமரா வைத்து, 130 பேரின் 227 விழுதல்களைப் பதிவு செய்து, 2013-ல் வெளியிட்டார்கள். தடுக்கி விழுவதும் வழுக்கி விழுவதும்தான் அதிகம் என்று நாமெல்லாம் நினைப்போம். வீடியோவில் முதலிடம் பிடித்தது வேறு: உடம்பின் எடையைத் தவறாக நகர்த்தியது, 41 விழுக்காடு. தடுக்கியது 21 விழுக்காடு. எதுவோ யாரோ இடித்தது 11 விழுக்காடுதான். தோ பாயோ அம்மாவுக்கு நேர்ந்ததும் அந்த முதல் வகைதான் என்று நினைக்கிறேன். அதிலும் திரும்பும்போது விழுகிறவர் பக்கவாட்டில் விழுகிறார். பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் விழுந்ததும் நம்மவர்கள் முதலில் ஜாதகத்தை எடுக்கிறார்கள். ஏழரை நடக்கிறது, கண்டம் இருக்கிறது என்று சொல்லிப் பரிகாரம் செய்கிறார்கள். கோயிலுக்குப் போவது அவரவர் விருப்பம். ஆனால் நேரம் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டால் காதைச் சோதிக்க மாட்டோம், கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க மாட்டோம், இரவு மாத்திரை தலைசுற்ற வைக்கிறதா என்று கேட்க மாட்டோம். அடுத்த விழுதல் அங்கேதான் காத்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. கிரகத்தின் தலையில் போட்டுவிட்டுப் போகிற விஷயமில்லை இது.

அதற்காகச் சைக்கிளோட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை. லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் பள்ளிப் பிள்ளையைச் சைக்கிள் ஓட்டச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே சந்தைக்கும் காப்பிக்கடைக்கும் சைக்கிளில் போகிற தாத்தாக்களும் எத்தனையோ பேர். நடைபாதை ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் கைப்பிடிக்கே 60 சென்டிமீட்டர் போய்விடும். தள்ளுவண்டியோடு நடக்கும் பாட்டிக்கு இன்னொரு 70 சென்டிமீட்டர் வேண்டும். மிச்சம் ஒரு சாண். அந்தச் சாணை நம்பி இருவரையும் ஒரே பாதையில் விட்டதுதான் பிழை. இரண்டு பாதைகளைப் பிரித்து, நடப்பவர் பாதையைச் சட்டத்தால் காத்தது சரியான திசை. சாயக்கோடு போடுவதோடு நிற்காமல், இடம் இருக்கும் இடத்திலெல்லாம் நடுவே செடி வரிசையோ மேடோ வேண்டும் என்பது என் கருத்து.

பாதை பிரியாத இடங்களில் ஓட்டுபவர் என்ன செய்யலாம்? மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 2.8 மீட்டர். மூன்று மீட்டர் தூரத்தில் மணி அடித்தால் அம்மாவுக்குக் கிடைப்பது சுமார் ஒரு வினாடி. அதற்குள் அவர் திரும்பத்தான் தொடங்கியிருப்பார். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு முன்பே, மணிக்குப் பதிலாக வாயைத் திறந்து, “ஆன்ட்டி, பின்னால் வர்றேன், நீங்க அப்படியே போங்க” என்று சொல்லலாம். மனிதக் குரலின் அடிநாதம் சில நூறு ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. முதிய காதுக்கு அது எட்டும். “அப்படியே போங்க” என்ற சொல் திரும்ப வேண்டிய தேவையையும் நீக்கிவிடுகிறது. பதில் வரவில்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை.

வாசகிக்கு: அம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதும் செவித்திறன் சோதனையும் பாத உணர்வுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் சரி என்ற பிறகு சமநிலைப் பயிற்சியில் சேருங்கள். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் முறையான உடற்பயிற்சி, முதியவர்கள் விழும் எண்ணிக்கையைச் சுமார் 23 விழுக்காடு குறைக்கிறது என்று தெரிந்திருக்கிறது. காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாய் சீ என்ற சீன உடற்பயிற்சி செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக, தவறாமல் மாற்றுவதுதான் அதில் முக்கால்வாசி. இப்படிப்பட்ட பயிற்சியை ஆராயப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், அதனாலேயே அதற்குப் பணம் எளிதில் ஒதுக்கப்படுவதில்லை. புது மருந்துக்குப் போகிற பணத்தில் ஒரு சிறு பங்கு, சந்தையிலிருந்து திரும்பும் ஒரு பெண் ஏன் விழுகிறார் என்பதை ஆராயவும், முதிய காதுக்கு எட்டும் மணியை வடிவமைக்கவும் போக வேண்டும்.