இருபத்தோரு வயதில் முட்டி தேயாது தம்பி

போன வியாழக்கிழமை பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். வயது 21. போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறவன். வலது முட்டியில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டுப் போட்டு பதினெட்டு நாள். பிரித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துத் தொடை கண்ணுக்கே தெரியும்படி இளைத்திருக்கிறது. பையன் கீழே விழவில்லை, அடிபடவில்லை, எலும்பு எங்கேயும் முறியவில்லை. "மோகாலு அரிகிபோயிந்தண்ட மேடம்" என்று தெலுங்கில் சொல்லி அம்மா கண் கலங்கினார். முட்டி தேய்ந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டே மாதத்தில் இப்படி வரும் ஐந்தாவது பிள்ளை இவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நகரி தாண்டினால் ஆந்திராவின் புத்தூர். கை கால் முறிந்தால் அங்கே போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது திருத்தணிப் பக்கத்தில் தலைமுறை வழக்கம். அந்தப் பெயரைப் போர்டில் எழுதிக்கொண்டு ஊருக்கு ஊர் கட்டுப் போடும் கடைகளும் வந்துவிட்டன. முறிவுக்குக் கட்டு சரியா என்பது வேறு பேச்சு. முறியாத முட்டிக்கு எதற்கய்யா கட்டு? பதினெட்டு நாள் அசையாமல் வைத்ததில், முட்டியைத் தாங்க வேண்டிய சதைதான் கரைந்தது.

அந்தத் "தேய்மானம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓட ஓட டயர் தேய்வது போல முட்டியும் தேயும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். டயருக்கு உயிர் கிடையாது. முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு உண்டு. அதற்கு ரத்தக் குழாய் இல்லை. கால் ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, மூட்டு நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. நடையும் ஓட்டமும்தான் அதற்குச் சாப்பாடு. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2017-இல் வந்தது. உடம்புக்காக அளவாக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்றே கடுமையாக ஓடுகிறவர்களுக்கு 13.3 என்று ஏறுகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் போலீஸ் தேர்வுக்காக ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் முடிக்கப் பழகும் பையன் அந்தக் கூட்டம் இல்லை. இன்னொன்று, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பல முட்டிகளில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்துவிட்டது என்பதற்காக ஓட்டத்தை மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

சரி, அப்படியானால் அவனுக்கு ஏன் வலி? கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஆறு மாதம் ஓடவே இல்லை. தேர்வு அறிவிப்பு வந்த மறுநாளே தினம் ஐந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை திருத்தணி மலைக்கோயிலின் 365 படியும் ஏறி இறங்கி, அதுவும் மூன்று முறை. ஜிம்மில் நண்பன் தூக்குகிறான் என்று இவனும் 80 கிலோ வைத்து ஸ்குவாட். இதற்கெல்லாம் மேல் ராத்திரி முழுக்க விசைத்தறியில் நின்றுகொண்டு வேலை. நாலு மணி நேரம் தூங்கினால் பெரிது. முட்டிச்சில்லைச் சுற்றி வலி, இறங்கும்போது அதிகம், பஸ்ஸில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் இன்னும் அதிகம். ஓடுகிற பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் வலி இதுதான். தாங்கப் பழகும் முன்பே சுமை ஏறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஓட்டத்தை முழுதாக நிறுத்தினால் வலி போகும். திரும்ப ஓடினால் அதே வலி திரும்பும், ஏனென்றால் சதை இன்னும் பலவீனமாகியிருக்கும். நிறுத்தாதீர்கள், குறையுங்கள். பத்துக்கு எத்தனை வலி என்று உங்களையே கேளுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு ஓடலாம். தாண்டினால் தூரத்தைக் குறையுங்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் ஓடினால் போதும். எட்டு வைப்பதைச் சின்னதாக்கி, நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்பதை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். முட்டிக்குப் போகும் சுமை குறையும். படியில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் ஓடி ஏறு, நடந்து இறங்கு. திருப்பதி ரோட்டின் ஓரச் சரிவில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடாதே, பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது.

ஜிம்மை விடச் சொல்லவே மாட்டேன். முட்டி வலிக்கு என்னிடம் இருக்கும் நல்ல மருந்தே தொடைச் சதையும் இடுப்புப் பக்கச் சதையும்தான். முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பது போல 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது. அப்புறம் ஒற்றைப் படியிலிருந்து மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்குவது. அது வலிக்காமல் போனால் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து நாற்காலி வரை உட்கார்ந்து எழுவது. வாரம் மூன்று நாள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் சரியாகவில்லை என்று வந்து நிற்காதீர்கள்.

ஓடப் போகும் முன் வலி மாத்திரை போடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். இந்த ஊர் வெயிலில், தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலியை மறைத்து ஓடினால் முட்டி சொல்வதும் உங்களுக்குக் கேட்காது.

முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் கால் மடங்கி விட்டாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, காலை வரை காத்திருக்க வேண்டாம்.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ராத்திரி தறியில் நிற்கிற நாளில் விடியற்காலை ஓட எழுப்பாதீர்கள், அன்றைக்குத் தூங்கட்டும். என்னிடம் கூட்டி வருவதாக இருந்தால் ஸ்கேன் படத்தோடு, ஓடுகிற ஷூவையும், கடைசி நாலு வாரத்தில் எந்த நாள் எவ்வளவு ஓடினான், எவ்வளவு எடை தூக்கினான் என்று எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். நான் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.